நத்தைக்கு முன்னூறு கிலோமீட்டர்

நடுநாயகமாக அமர்ந்து, இரண்டு அணிகளின் இரைச்சலையும் இன்முகத்தோடு தாங்கி, எந்தப் பக்கமும் இதுவரை தலையை ஆட்டிவிடாமல் எச்சரிக்கையோடு வீற்றிருக்கும் நடுவர் அவர்களே, எங்கள் அச்சகத்தின் மேலாளர் அவர்களே, எனக்கு முன்னே எழுந்து, வல்லூற்றை வானளாவ ஏற்றி, என் சிறுத்தையைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டு, இப்போது ஒன்றும் அறியாதவர் போலத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பைண்டிங் பிரிவு அண்ணன் அவர்களே, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மையை விரல்களில் ஏந்தி வந்திருக்கும் இயந்திரப் பிரிவுத் தோழர்களே, முன்வரிசை மூத்தோர்களே, முதுகு வலித்தாலும் முகம் சுளிக்காத தாய்மார்களே, மூன்றாம் வரிசையின் கடைசி நாற்காலியில் அமர்ந்து, மேடையைப் பாராமல் மின்விசிறியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி அவர்களே, உங்கள் ஒவ்வொருவருக்கும், பிழை திருத்திப் பிழைக்கும் ஒருவனின் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். மனைவியை ‘அவர்களே’ என்று அழைத்ததற்குச் சிரிக்கிறீர்கள். ஐயா, ஒரே கூரையின் கீழ், ஒரே சமையலறையில், பதினோரு நாட்கள் ஒரு சொல்லும் பேசாமல் வாழ்ந்து பாருங்கள். பன்னிரண்டாம் நாள் உங்கள் வாயிலும் மரியாதை தானாக வந்துவிடும்.

தலைப்புக்கு வருகிறேன். உலகத்திலேயே அதிவேகமான விலங்கு எது? இந்தத் தலைப்பை நம் ஆண்டுவிழாக் குழுவினர் இரண்டு மாதங்களுக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். அவர்கள் மனத்தில் எந்த வஞ்சமும் கிடையாது. அந்த நேரத்தில் நம் அச்சகத்தில் நத்தை நத்தையாகத்தான் இருந்தது, ஆமை ஆமையாகத்தான் இருந்தது. அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாமல் வந்திருக்கும் குடும்பத்தினருக்கு நான் சொல்லப்போகிறேன். சொல்வதற்கு முன்னால், கொடுத்த வேலையைக் கொஞ்சமாவது செய்ய வேண்டும் அல்லவா? சிறுத்தை அணியின் கடைசிப் பேச்சாளன் நான். சிறுத்தைக்காக வாதாடுகிறேன்.

அண்ணன் என்ன சொன்னார்? வல்லூறு மேலேயிருந்து பாய்ந்தால் மணிக்கு முன்னூறு கிலோமீட்டர் என்றார். மறுக்கவில்லை. ஆனால் அவையோரே, அது பறத்தலா, பாய்தலா, விழுதலா? இறக்கையை இடுக்கிக்கொண்டு, தலையைக் கீழே தொங்கவிட்டு வருகிற வேகத்தில் பாதி பூமி செய்த வேலை. பூமி இழுக்கிறது, பறவை பெயர் வாங்குகிறது. இது நியாயமா? சென்ற மாதம் நம் கிடங்கில் மேல்தட்டிலிருந்து ஒரு காகிதக் கட்டு கீழே வந்தது. அதன் வேகம் என்னவென்று கிடங்குக் கண்காணிப்பாளரின் கால் கட்டைவிரலைக் கேளுங்கள், கண்ணீரோடு சொல்லும். அந்தக் கட்டுக்கு நாம் பதக்கமா கொடுத்தோம்? திட்டிக்கொண்டே தூக்கித் தட்டில் வைத்தோம்.

யார் அது, நடுவில்? சத்தமாகச் சொல்லுங்கள். “உங்க சிறுத்தை மட்டும் என்ன, ஐந்நூறு மீட்டர் ஓடினா நாக்கு தள்ளிடுது” என்கிறார். உண்மை. ஒத்துக்கொள்கிறேன். ஓடி முடித்த சிறுத்தை, பிடித்த இரையைத் தின்னக்கூடத் தெம்பில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். நம் அலுவலக மாடிப்படி ஏறி வந்த நான் எப்படி நாற்காலியைத் தேடுவேனோ அப்படி. ஆனாலும் அது தன் காலால் ஓடியது. தன் மூச்சால் ஓடியது. யாரும் பிடித்துத் தள்ளவில்லை, எதுவும் இழுக்கவில்லை. மண்ணில் நின்று, மண்ணை உதைத்து, மண்ணிலேயே ஓடுவதுதான் வேகம் என்று அன்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கைக்காகத்தான் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டேன்.

ஆமாம், இந்தப் பட்டிமன்றத்தை நீங்கள் இன்றைக்கு நடத்துகிறீர்கள். என் வீட்டில் இது பதினோரு நாட்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். நானும் என் மனைவியும் இதே அச்சகத்தில், ஒரே அறையில், ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறோம். வாடிக்கையாளர் கொடுத்த மூலத்தாள் அவர் கையில். அச்சுக்குப் போகவேண்டிய மெய்ப்பு என் முன்னால். அவர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார். நான் மெய்ப்பைக் கண்ணால் தொடர்ந்து, பென்சிலால் திருத்துவேன். எழுத்தை மட்டுமல்ல, காற்புள்ளி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி வாசிப்பார். பழகிப்போய், வீட்டிலும் சில நாள் அப்படியே வரும். “குக்கரை இறக்குங்க காற்புள்ளி மூணு விசில் வந்தாச்சு” என்பார். அண்டை வீட்டார் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ, இறைவனுக்கே வெளிச்சம்.

வாசித்து முடித்ததும், தாளின் அடியில் இரண்டு கையெழுத்துகள். ‘வாசித்தவர்’ என்ற இடத்தில் அவர். ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் நான். வாய்விட்டு வாசிக்காமல் ஒரு தாளும் அந்த அறையைத் தாண்டக் கூடாது. திருமண அழைப்பாக இருந்தாலும் சரி, மருந்துப் பெட்டியின் மேலட்டையாக இருந்தாலும் சரி, அதுதான் அந்த அறையின் சட்டம்.

அந்த வாரம் வந்தது பள்ளிக்கூடங்களுக்கான சுவர்ப்படம். ஏழு விலங்குகள். பக்கத்தில் ஏழு வேகங்கள். மேலே வல்லூறு, அதற்குக் கீழே சிறுத்தை, குதிரை, யானை, கோழி, ஆமை, கடைசியில் நத்தை. வேலை மறுநாள். பேச்சு முந்தின நாள் சாயங்காலமே சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.

“வல்லூற எதுக்கு மேல போட்டிருக்காங்க? சிறுத்தைதான் மேல வரணும்” என்றேன் நான்.

“முன்னூறு பெருசா, நூறு பெருசா?” என்றார் அவர்.

“அது விழறது. நான் மாடியிலேர்ந்து விழுந்தா என்னையும் மேல போடுவாங்களா?”

“விழுந்து பாருங்க. போடறாங்களா இல்லையான்னு தெரிஞ்சுடும்.”

கைதட்டுகிறீர்கள். தாய்மார்கள் பக்கம் கைதட்டல் பலமாக இருக்கிறது, குறித்துக்கொள்கிறேன். அத்தோடு முடிந்திருந்தால் நல்ல நகைச்சுவை. ஆனால் எங்கள் மகள் ஒருத்தி இருக்கிறாள், கல்லூரியில் படிக்கிறாள். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“ரெண்டு பேரும் தப்பு. உடம்பு நீளத்துக்கு எத்தனை மடங்கு ஓடுதுன்னு பாக்கணும். கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு உண்ணி இருக்கு. ஒரு செகண்டுல தன் உடம்பு நீளத்துக்கு முன்னூறு மடங்கு ஓடுது. அந்தக் கணக்குல சிறுத்தை பதினாறு, பதினேழுதான் வரும்ப்பா.”

திடுக்கிட்டேன் அவையோரே. எள்ளை விடச் சிறிய ஒரு பூச்சியிடம் என் சிறுத்தை தோற்றுவிட்டது, அதுவும் என் சொந்த மகளின் வாயால். வானத்திலும் தோல்வி, தரையிலும் தோல்வி. தோற்கிறவன் என்ன செய்வான்? நல்லவன் சிரிப்பான். நான் என்ன செய்தேன்? என் மனைவியைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னேன்.

“நீ வாசிக்கிறவ. வாசிச்சாப் போதும். யோசிக்கிறதெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அன்று அந்த மேசையிலும் யாரும் சிரிக்கவில்லை. மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் மனைவி தன் தட்டில் இருந்ததை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். கழுவி வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காற்புள்ளியும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை.

மறுநாள் காலை மெய்ப்பு வந்தது. பக்க வடிவமைப்பாளர், ‘அவசரம்’ என்று நாம் எல்லோரும் அன்போடு அழைக்கிற தம்பி, கணினியில் எண்களை மட்டும் வரிசைப்படுத்தியிருக்கிறார். படங்கள் வேகமானதிலிருந்து மெதுவானதற்கு இறங்கின. எண்கள் சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறிவிட்டன. எழுந்து நிற்காதீர்கள் தம்பி, உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதைப் பிடிப்பதற்குத்தானே அந்த அறை இருக்கிறது? அதற்குத்தானே எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு நாற்காலி?

ஆனால் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசிக்கொள்ளாததால் வாசிப்பு நடக்கவில்லை. நான் மட்டும் மௌனமாகப் பார்த்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. புள்ளி விடுபட்டதா, இல்லை. எண்கள் ஒவ்வொன்றும் பளிச்சென்று இருந்தன, எழுத்துகள் ஒவ்வொன்றும் எடுப்பாக இருந்தன. எந்த எண் எந்த விலங்கின் பக்கத்தில் நிற்கிறது என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை. ‘நத்தை, மணிக்கு முன்னூறு கிலோமீட்டர்’ என்று யாராவது ஒரு தடவை வாய்விட்டு வாசித்திருந்தால், மேசைக்கு அடியில் படுத்திருக்கிற பூனைகூட எழுந்து உட்கார்ந்திருக்கும். யாரும் வாசிக்கவில்லை. இரண்டு கையெழுத்தோடு தாள் போய்விட்டது.

ஆறாயிரம் பிரதிகள். ஆறாயிரம் பள்ளிக்கூடச் சுவர்கள். அந்த ஆறாயிரம் சுவர்களில் நத்தை முன்னூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஆமை நூறு. கோழி எழுபது. என்னம்மா? “எங்க வீட்டுக் கோழி அதைவிட வேகம்” என்கிறீர்களா? உங்கள் கோழிக்குத் தனிப் படம் போடச் சொல்கிறேன். குதிரை கோழியின் வேகத்துக்கு இறங்கிவிட்டது. சிறுத்தை, என் சிறுத்தை, ஆமையாகிவிட்டது. அண்ணனுடைய வல்லூறோ மணிக்கு ஐம்பது மீட்டர். அந்த வேகத்தில் அது மேலேயிருந்து பாய்ந்தால், இரை பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, இயற்கையாகவே இறந்த பிறகுதான் வந்து சேரும். நடுவில் நின்ற யானை ஒன்றுதான் தப்பித்தது. ஏழு விலங்குகளில் உண்மை பேசியது யானை மட்டுமே.

மணி அடிக்காதீர்கள் அம்மா. இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள். நகைச்சுவை இத்தோடு முடிகிறது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

எட்டாம் நாள் ஒரு தொலைபேசி வந்தது. ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. நான்தான் எடுத்தேன். அவர் கோபமாகப் பேசியிருந்தால் நானும் கோபமாகப் பேசியிருப்பேன், தப்பித்திருப்பேன். அவர் மிகப் பொறுமையாகப் பேசினார்.

“சார், எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு பரிட்சையில ஆமை நூறு கிலோமீட்டர்னு எழுதினா. நான் தப்புப் போட்டேன். அவ அழுதுக்கிட்டே சுவரைக் காட்டினா. நாலு நாளா அந்தப் படத்துக்குக் கீழதான் நான் நின்னு பாடம் நடத்தியிருக்கேன், நானும் பாக்கல. இப்ப பிள்ளைங்க எல்லாம் கேக்கறாங்க சார், சுவர்ல இருக்கிற மத்தப் படமெல்லாம் சரியான்னு. நான் என்ன சொல்லட்டும்?”

என்ன சொல்லட்டும்? நீங்கள் சொல்லுங்கள். எலும்புக்கூட்டுப் படம் சரியா? தேசப்படம் சரியா? வாய்ப்பாடு சரியா? ஒரு குழந்தை சுவரை நம்பியது. அந்தச் சுவரை நம்பக் கூடாது என்று கற்றுக்கொடுத்தவன் யார்? விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தேன் அவையோரே. என் வாழ்க்கையில் அதுதான் பெரிய அதிர்ச்சி என்று அப்போது நினைத்தேன். அதைவிடப் பெரியது அடுத்த நாள் காத்திருந்தது.

அடுத்த நாள் மேலாளர் அவர்கள் தங்கள் அறைக்கு எங்களை அழைத்தார்கள். மேசைமேல் அந்தச் சுவர்ப்படம் விரிந்திருந்தது, ஒரு மூலையில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு, இன்னொரு மூலையில் ஆறிப்போன தேநீர். தம்பி அவசரம் கதவோரம். நான் இந்தப் பக்கம், என் மனைவி அந்தப் பக்கம். எங்களுக்கு நடுவே நான்கு அடி இருக்கும். மேலாளர் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“யார் படிச்சது?”

மேலாளர் அவர்களே, தாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டு முடிக்கவில்லை. ‘படிச்சது’ என்ற சொல்லின் கடைசி எழுத்து தங்கள் உதட்டிலேயே இருந்தது. அதற்குள் என் வலது கை எழுந்துவிட்டது. அதன் சுட்டுவிரல் நீண்டுவிட்டது. நான்கு அடி தூரத்தில் நின்ற என் மனைவியின் முகத்துக்கு நேரே அது நின்றுவிட்டது.

நான் தூக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. யோசித்துத் தூக்கவில்லை என்பது உண்மை. யோசிக்கிறது என் வேலை என்று மார்தட்டியவன், யோசிக்காமலே அவரைக் காட்டிக்கொடுத்தேன். என் விரலை நானே பார்த்தேன். இது யாருடைய விரல் என்று திகைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் பிழையை மட்டுமே சுட்டிக்காட்டிய விரல், ஒரு பாவமும் அறியாதவரைச் சுட்டிக்கொண்டு நிற்கிறது. அதைக் கீழே இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்துச் சொன்னார்.

“வாசிக்கிற வேலை என்னோடது சார். அன்னைக்கு வாசிக்கல.”

அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அதன் விளைவாக வருகிற திங்கட்கிழமை முதல் அவர் வாசிப்பறையில் இல்லை. பொட்டலப் பிரிவில், பசை நாடா ஒட்டுகிற மேசையில். உத்தரவு தட்டச்சாகித் தங்கள் மேசையில் கையெழுத்துக்காக இருக்கிறது. பொட்டலப் பிரிவு இழிவானது என்று சொல்லவில்லை, அந்தப் பிரிவுத் தோழியர் என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் ஒரு வரி வாசித்தால் அதில் எழுத்து மாறியிருப்பதைக் காதாலேயே அறிகிறவருக்கு, கட்டுகளை எண்ணுகிற வேலையா? அதுவும் யார் செய்த பிழைக்காக?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் தலைப்பிலேதான் இருந்தேன் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வேகம் என்றால் என்ன? விழுவதா, ஓடுவதா, உடம்பின் அளவுக்கு மேல் ஓடுவதா? வல்லூறு எதற்காக விழுகிறது? பசிக்காக விழுகிறது. சிறுத்தை எதற்காக ஓடுகிறது? குட்டிகளுக்காக ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த உண்ணிகூடச் சுடுகிற தரையில் உயிர்வாழ ஓடுகிறது. என் கை எதற்காக ஓடியது? எனக்குப் பசியில்லை. எனக்கு உயிர்பயம் இல்லை. மேலாளர் என்னைக் கடித்துத் தின்றுவிட மாட்டார். ஒரே ஒரு கணம், ஒரே ஒரு கெட்ட பெயர், அது என்மேல் விழாமல் இருப்பதற்காக, என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்தவர்மேல், என் மகளைப் பெற்றவர்மேல், நான் வாயால் புண்படுத்தியும் வாயைத் திறந்து என்னைக் காட்டிக்கொடுக்காதவர்மேல் அதைத் தள்ளினேன். எந்த வல்லூறு இப்படிப் பாய்ந்தது? எந்தச் சிறுத்தை தன் துணையை முன்னால் தள்ளிவிட்டுத் தப்பித்தது?

வேகமான விலங்கைக் கண்டுபிடித்துவிட்டேன் நடுவர் அவர்களே. இரண்டு கால். எடை எழுபத்திரண்டு கிலோ. வலது முழங்காலில் வலி. கண்ணாடி இல்லாமல் கண் தெரியாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் பழியைக் கண்டால் அது ஓடுகிற ஓட்டத்தை அளக்க உங்களிடம் எந்தக் கருவியும் இல்லை. அந்த விலங்கு இப்போது உங்கள்முன் நின்று பேசிக்கொண்டிருக்கிறது.

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து தட்ட வேண்டாம். இதற்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனால் நான் இன்னொரு தடவை தப்பித்தவனாகிவிடுவேன்.

சட்டைப்பையில் ஒரு கடிதம் இருக்கிறது. மேலாளர் அவர்களுக்கு எழுதியது. திங்கட்கிழமை காலை அறைக்குள் போய்க் கொடுக்கலாம் என்றுதான் எழுதினேன். ஆனால் விரலை நீட்டியது நான்கு பேர் பார்க்க. அதை மடக்குவதற்கு நானூறு பேராவது பார்க்க வேண்டும். வாசிக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக நான் வாசிக்கிறேன். மூன்றாம் வரிசையில் இருப்பவர் சரிபார்க்கட்டும்.

“மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு. விலங்குகளின் வேகம் பற்றிய சுவர்ப்படத்தில் நேர்ந்த பிழை தொடர்பாக. அன்று எங்களுக்குள் இருந்த மனத்தாங்கலால் நாங்கள் இருவரும் வாய்விட்டு வாசிக்காமல் தாளை அனுப்பிவிட்டோம். சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான். பிழை என்னுடையது. வாசித்தவரைப் பிரிவு மாற்றும் உத்தரவை நிறுத்தி, தண்டனை எதுவாயினும் எனக்கே வழங்கும்படியும், ஆறாயிரம் பள்ளிகளுக்கும் திருத்தம் அனுப்பும் வேலையை என்னிடமே ஒப்படைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.”

அவ்வளவுதான். கீழே என் கையெழுத்து.

என்ன அங்கே? சலசலப்பு. யாரோ எழுந்து நிற்கிறார்கள். விளக்கு கண்ணைக் கூசுகிறது. மூன்றாம் வரிசை.

என்ன சொன்னாய்? கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் அமைதியாக இருங்கள் அம்மா, பதினோரு நாட்களுக்குப் பிறகு பேசுகிறார்.

“ஒரு வரி விட்டுட்டீங்க” என்கிறார்.

இல்லையே. தாளில் இருப்பதை அப்படியே வாசித்தேன். இதோ பார், எல்லா வரியும் வாசித்தாயிற்று.

என்ன? “தாள்லயே விட்டுட்டீங்க” என்கிறார்.

உட்கார்ந்துவிட்டார்.

அவையோரே, ஒரு நிமிடம் கொடுங்கள். தண்ணீர் வேண்டாம் அண்ணா, இருக்கட்டும்.

அவர் சொல்வது சரி. ஒரு வரி இருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் நான்கு தடவை எழுதினேன். நான்கு தடவையும் அந்த வரி வரவில்லை. சற்று முன்னால் உங்களிடம் கதை சொன்னபோதும் அந்த இடத்தைத் தாண்டித்தான் வந்தேன். ‘பேசிக்கொள்ளாததால் வாசிப்பு நடக்கவில்லை’ என்றேன் அல்லவா? எவ்வளவு வழவழப்பாகச் சொன்னேன் பார்த்தீர்களா? ‘நாங்கள் இருவரும்’ என்று எழுதினேன் அல்லவா? ஒத்துக்கொள்ள வந்த இடத்திலும் பாதியை அவர் தோளில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். நெஞ்சறிந்து செய்யவில்லை என்றுகூட என்னால் சொல்ல முடியாது. பேனா அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றது, பிறகு நகர்ந்தது.

அந்த வரி இதுதான்.

அன்று காலை அவர் வந்தார். முந்தின நாள் நான் அப்படிப் பேசியிருந்தும் வந்தார். மூலத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, என்னிடம் கேட்டார்: “படிக்கட்டுமா?”

நான் தலை தூக்கவில்லை. “கையெழுத்துப் போட்டுட்டுப் போ. எனக்குக் கண்ணு இருக்கு” என்றேன்.

கீழே இயந்திரம் காத்திருக்கிறது என்று ஆள் வந்து கூப்பிட்டார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். நாற்காலியை அவர் திரும்ப உள்ளே தள்ளிவிட்டுப் போன சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் கூப்பிடவில்லை.

இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது பொய். அவர் பேசினார். நான்தான் வேண்டாம் என்றேன்.

மேலாளர் அவர்களே, பேனா கொடுங்கள். ‘நாங்கள் இருவரும்’ என்பதை அடித்துவிட்டேன். இந்த வரியைப் பக்கத்தில் எழுதிவிட்டேன். நின்றுகொண்டே எழுதியதால் கோணலாக இருக்கிறது, ஆனால் படிக்க முடியும். இப்போது தங்கள் கையில் தருகிறேன். திங்கட்கிழமை எந்த உத்தரவில் தாங்கள் கையெழுத்துப் போட்டாலும், இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

அணி தோற்றுவிட்டதே என்று என் சிறுத்தை அணித் தோழர்கள் என்மேல் வருந்த வேண்டாம். வல்லூற்றுக்கே வெற்றியை எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மூன்றாம் வரிசையில் இருப்பவர் இன்னும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் மின்விசிறியைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்க்கிறார்.

நேரம் தாண்டியும் மணியை அடிக்காமல் கையில் வைத்திருந்த அம்மாவுக்கும், சிரிக்க வந்த இடத்தில் என் அதிர்ச்சியைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும், நான் விட்ட வரியை விடாமல் கேட்டவருக்கும் நன்றி சொல்லி இறங்குகிறேன். வணக்கம்.